பற்றிக்கொண்ட 'அபவுட்'

மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் ஜவ்வாது மலைக்குப் போய்வருகிறோம். நாங்கள் என்றால் நால்வர். திருவண்ணாமலையில் கூடிக் கதை, கவிதை என்று வாசித்து, வாசித்ததற்காகச் சண்டையும் போட்டுக்கொண்டிருந்த ஒரு சிறு வாசகர் வட்டத்தில் எஞ்சியவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒருவர் வங்கி ஊழியர். மற்ற இருவரும் சென்னையில் கணினி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். போளூர் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து மலையேற இன்னொரு பேருந்து. ஜமுனாமரத்தூரில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, சாமைக் கொல்லைகளின் ஓரமாக நடந்தால் நாங்கள் போகவேண்டிய சிற்றூர் வந்துவிடும். அங்கே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறோம்.

எங்களில் எவரும் ஆங்கில ஆசிரியர் அல்லர். ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலைப் பள்ளிக்காலத்தில் உருப்போட்டவர்கள் என்பதுதான் எங்கள் தகுதி. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு நாங்கள் செய்த ஒரு தவற்றையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவிருந்த ஒரு மாணவி செவிலியர் படிப்புக்கு உதவி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 'ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதவேண்டும். அந்தப் பெண் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தம்பி பிறந்த இரவில் அம்மாவை டோலி கட்டித் தார்ச்சாலை வரைக்கும் ஆண்கள் சுமந்துவந்தது, விளக்கு பிடித்துக்கொண்டு இவள் பின்னாலேயே ஓடிவந்தது, மருத்துவமனையில் ஒரு செவிலியர் இவளை உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தது எல்லாம் அதில் இருந்தன. பெண்பிள்ளையைக் கீழ்நாட்டுக்குப் படிக்க அனுப்பலாமா என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியதும், இவளுடைய பாட்டி எழுந்து நின்று 'போகட்டும்' என்று சொன்னதும் இருந்தன. இப்போது நினைத்துப் பார்க்கிறோம். அந்த ஆண்டில் நாங்கள் வாசித்த பல சிறுகதைகளைவிட அது மேலானது.

அன்றைக்கு எங்கள் கண்ணில் அது படவில்லை. கண்ணில் பட்டவை வேறு. பெரியவர்கள் 'டிஸ்கஸ்ட் அபவுட்' செய்திருந்தார்கள். டோலி சாலைக்கு 'ரீச்ட் டு' ஆகியிருந்தது. அம்மா மருத்துவமனைக்குள் 'என்டர்ட் இன்டு' ஆகியிருந்தாள். பெண் தன் பாட்டியோடு 'ரிசெம்பிள் வித்' ஆகியிருந்தாள். கடைசி வரியில் உதவி 'ஃபார்' என்று 'ரிக்வெஸ்ட்' செய்திருந்தாள். சிவப்பு மையால் வட்டமிட்டோம். பதினொரு வட்டங்கள். பதினொன்றும் பிரிபொசிஷன் எனப்படும் முன்னிடைச்சொற்கள். 'இந்த வினைகளுக்குப் பிறகு இவை வரக்கூடாதம்மா, எடுத்துவிட்டு எழுதி வா' என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க இறங்கிவிட்டோம்.

அடுத்த மாதம் அவள் கொடுத்த தாளில் நான்கு வாக்கியங்கள் இருந்தன. தன் பெயர். தன் வகுப்பு. தனக்குச் செவிலியர் படிப்புப் பிடிக்கும். தயவுசெய்து உதவுங்கள். பிழை ஒன்றுகூட இல்லை. டோலியும் இல்லை, தேநீரும் இல்லை, பாட்டியும் இல்லை.

'மற்றதெல்லாம் எங்கேம்மா?' என்று தமிழாசிரியர் கேட்டார்.

'எதுல வரும், எதுல வராதுன்னு தெரியலைங்க ஐயா. அதான் அதெல்லாம் எழுதல' என்றாள்.

பேருந்தில் இறங்கும்போது நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. எதற்குப் பின் 'டு' வரும் என்று தெரியாத ஒரே காரணத்துக்காக, ஒரு பெண் தன் பாட்டியைத் தன் கதையிலிருந்து நீக்கியிருக்கிறாள். நீக்கச் சொன்னவர்கள் நாங்கள்.

வீடு திரும்பியதும் எங்களில் ஒருவர் பழைய மின்னஞ்சல்களைத் தேடி ஒன்றை எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பினார். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஆங்கிலத்தில் எழுதும் ஒரு நாவலாசிரியரை எங்கள் வட்டத்துக்கு அழைத்து நாங்கள் எழுதிய கடிதம் அது. நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து, அகராதி பார்த்து எழுதியது. அதன் இரண்டாவது வரியிலேயே அவருடைய நாவலை 'டிஸ்கஸ் அபவுட்' செய்ய விரும்புவதாக எழுதியிருந்தோம்! அவருடைய பதிலையும் தேடி எடுத்தோம். அந்த நாவலை 'டிஸ்கஸ்' செய்ய மகிழ்ச்சியோடு வருவதாக எழுதியிருந்தார். 'அபவுட்' இல்லை. எங்கள் பிழையை அவர் சுட்டிக்காட்டவில்லை. சரியான வடிவத்தைத் தம் பதிலில் பயன்படுத்திவிட்டுப் போய்விட்டார். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் அவர் வந்தார், பேசினார், அந்த மாலை நன்றாகவே கழிந்தது. சிவப்பு மையில் அவர் எங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் இரண்டாவது கடிதம் எழுதியிருப்போமா என்பது ஐயமே.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? அறியாமையிலிருந்து என்றுதான் அதுவரை எண்ணியிருந்தோம். தமிழாசிரியர் வேறு மாதிரி சொன்னார்: 'தமிழ் நன்றாகத் தெரிந்திருப்பதனால் வருகிற பிழை இது.'

அவர் சொன்னதை எங்கள் சொற்களில் தருகிறோம். தமிழில் பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவைக் காட்டுவது வேற்றுமை உருபு. அது பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வேலையின் பெரும்பகுதியைப் பெயருக்கு முன்னால் நிற்கும் தனிச்சொற்கள் செய்கின்றன. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லும் திராவிட மொழிகளின் தனித்தன்மைகளுள் இதை ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே ஆங்கிலம் எழுதும் தமிழ்ப்பிள்ளை, தன் மனத்தில் ஓடும் வாக்கியத்தின் உருபுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, முன்னால் கொண்டுபோய் மாட்டுகிறது. 'சாலைக்கு வந்து சேர்ந்தோம்' என்பதில் 'கு' இருக்கிறது. அது 'டு' ஆகிறது. 'உள்ளே நுழைந்தாள்' என்பதில் 'உள்' இருக்கிறது, 'இன்டு' ஆகிறது. 'கேள்விக்குப் பதில் சொன்னேன்' என்பது 'ஆன்சர்ட் டு' ஆகிறது. 'அவரோடு கல்யாணம் ஆயிற்று' என்பது 'மேரீட் வித்' ஆகிறது. பிள்ளை எதையும் கூட்டவில்லை. தன்னிடம் இருந்ததை ஒன்றுவிடாமல் ஒப்படைத்திருக்கிறது.

ஜவ்வாது மலையில் வாழும் இம்மக்களை அரசு ஏடுகள் மலையாளி என்ற பெயரில் பழங்குடியினர் பட்டியலில் வைத்திருக்கின்றன. பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. ஆனால் மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தம் முன்னோரைப் பற்றிச் சொல்லும் வழக்கும் அவர்களிடம் இருக்கிறது. ஆகவே அந்தப் பெண்ணின் 'ரீச்ட் டு'வுக்கும் எங்கள் 'டிஸ்கஸ் அபவுட்'டுக்கும் தாய்வீடு ஒன்றுதான்.

மேலும் ஒரு காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த மொழியில் ஒரே சொல் பெயராக வரும்போது முன்னிடைச்சொல்லைக் கேட்கும். வினையாக வரும்போது வேண்டாம் என்னும். 'ரிக்வெஸ்ட்' பெயரானால் அதன்பின் 'ஃபார்' வேண்டும், வினையானால் வேண்டாம். 'டிஸ்கஷன்' என்ற பெயருக்குப் பின் 'அபவுட்' வரலாம். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் வராது. 'எம்ஃபசிஸ்' என்றால் 'ஆன்' உண்டு. 'எம்ஃபசைஸ்' என்றால் இல்லை. 'விசிட்'டும் அப்படியே. எங்கள் பிள்ளைகளில் சிலர் அதே மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்துக்குப் போய், 1986இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்துவந்தவர்கள். காவலூருக்கு ஒரு 'விசிட்' என்று பெயராக எழுதினால் 'டு' சரி. காவலூரை 'விசிட்டட்' என்று வினையாக எழுதினால் 'டு' பிழை. பெயரில் பழகிய கை வினையிலும் அதைச் சேர்த்துவிடுகிறது. 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' என்பது சரியாக இருப்பதால் 'கம்ப்ரைசஸ் ஆஃப்' என்று எழுதிவிடுவதும் இவ்வாறு பக்கத்துச் சொல்லைப் பார்த்துச் செய்வதுதான்.

சரி, இதையெல்லாம் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது ஒரு வழி. எங்களுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. அது எங்களுக்குப் பயன்பட்ட அழகைத்தான் மேலே கண்டீர்கள்.

அடுத்த ஞாயிறு தமிழாசிரியர் கரும்பலகையில் ஓர் ஆங்கிலச் சொல்லையும் எழுதவில்லை. 'தண்ணீர் குடித்தேன்' என்று எழுதினார். 'இதில் உருபு எங்கே?' என்று கேட்டார். பிள்ளைகள் விழித்தார்கள். 'தண்ணீரைக் குடித்தேன் என்று ஏன் சொல்லவில்லை?' 'சொல்லத் தேவையில்லைங்க ஐயா, புரியுதே' என்றான் ஒருவன். 'அவ்வளவுதான். சில இடங்களில் உருபு தொக்கி நிற்கும் என்று உனக்கே தெரியும். வெள்ளைக்காரன் மொழியிலும் சில வினைகள் உருபைத் தம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. டிஸ்கஸ் என்ற சொல்லின் வயிற்றில் பற்றி என்பது ஏற்கெனவே இருக்கிறது. வெளியே இன்னொரு அபவுட் போட்டால், அதைப் பற்றிப் பற்றிப் பேசினோம் என்று ஆகும்.' பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

'டிஸ்கஸ்' என்பதன் இலத்தீன் மூலத்துக்கு உலுக்கிப் பிரித்தல் என்று பொருள். இதை எங்களில் ஒருவர் அகராதியில் பார்த்துவைத்திருந்தார். புளியமரத்தை உலுக்குவது அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான வேலை. 'எதை உலுக்கினாய் என்று கேட்கலாம். எதைப் பற்றி உலுக்கினாய் என்று கேட்பாயா?' என்றார் அவர். அதன்பிறகு அந்த ஒரு பிழை மட்டும் அங்கே யாருக்கும் வருவதில்லை.

அதிலிருந்துதான் எங்களுக்கு ஒரு வழி பிடிபட்டது. தமிழிலேயே ஒரு செயலுக்கு இரண்டு வினைகள் இருக்கும்; ஒன்று 'கு', 'ஓடு' என்ற உருபுகளை வேண்டும், மற்றொன்று 'ஐ' உருபை வேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம், ஊரை அடைந்தோம். அவனோடு கல்யாணம் ஆயிற்று, அவனை மணந்தாள். பாட்டியோடு ஒத்துப்போகிறேன், பாட்டியை ஒத்திருக்கிறேன். எதிரி மீது பாய்ந்தான்; எதிரியைத் தாக்கினான். கல்விக்கு அழுத்தம் கொடுத்தார்; கல்வியை வலியுறுத்தினார். அவரிடம் போனோம், அவரை அணுகினோம். இரண்டாவது வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் 'ரீச்', 'மேரி', 'ரிசெம்பிள்', 'அட்டாக்', 'எம்ஃபசைஸ்', 'அப்ரோச்' எதற்கும் பின்னால் ஒன்றும் தேவைப்படாது. 'எதை', 'யாரை' என்று கேட்டு விடை வந்தால் முன்னிடைச்சொல் வேண்டாம் என்று பலகையில் எழுதிவைத்தோம். எங்களுக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

அந்தப் பெருமிதம் கால்மணி நேரம் நீடித்தது. முதலில் அவள்தான் கை தூக்கினாள். 'பாட்டைக் கேட்டேன்னா, எதைக் கேட்டேன்னு விடை வருதே ஐயா. அப்ப லிசன் தி சாங்னு எழுதலாமா?'

எழுதக்கூடாது. 'லிசன்' என்றால் 'டு' கட்டாயம். 'பேருந்தைத் தேடினேன்' என்பதிலும் 'எதை' வருகிறது. ஆனால் 'சர்ச்' என்பதற்குப் பின் 'ஃபார்' போடாவிட்டால் பேருந்துக்குள் ஏறிச் சோதனை போட்டதாகப் பொருள் மாறிவிடும். 'படத்தைப் பார்' என்பதில் 'லுக்' வந்தால் 'அட்' வேண்டும். மறுபக்கம், 'கேள்விக்கு', 'எனக்கு உதவினார்', 'என்னிடம் சொன்னார்' என்று தமிழில் 'ஐ' வராத இடங்களில் 'ஆன்சர்', 'ஹெல்ப்', 'டெல்' ஆகிய வினைகள் வெறுங்கையோடு நிற்கின்றன. எங்கள் விதி பாதி வழிக்குத்தான் வரும். மீதியைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர்களும் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்ததில் அவர்களுக்கு உற்சாகம் கூடியதாகவே தோன்றியது.

சில இடங்களில் அந்தச் சிறு சொல் மிகையல்ல, பொருளையே மாற்றுவது என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. கூட்டத்தை 'அட்டென்ட்' செய்யலாம். நோயாளியை 'அட்டென்ட் டு' செய்யவேண்டும். முதலாவது வருகை தருவது, இரண்டாவது கவனித்துக்கொள்வது. செவிலியராகப் போகிறவளுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அறைக்குள் நுழைவதற்கு 'என்டர்' போதும். ஒப்பந்தம் செய்துகொள்வதானால் 'என்டர் இன்டு' வேண்டும். கேள்விக்கு விடையளிப்பது 'ஆன்சர்'. ஒருவருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டிருப்பது 'ஆன்சர் டு'.

இங்கே வாசகர்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழக்கூடும். இந்தியாவில் இத்தனை பேர் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறார்களே, ஆப்பிரிக்க நாடுகளின் ஆங்கிலத்திலும் அது வழங்குகிறதே, அதை இன்னும் ஏன் பிழை என்கிறீர்கள்? நியாயமான கேள்வி. ஒரு தீர்ப்பை எதிர்ப்பதற்கு இங்கிலாந்துக்காரர் 'புரொடெஸ்ட் அகெய்ன்ஸ்ட்' என்கிறார்; அமெரிக்கர் 'அகெய்ன்ஸ்ட்' இல்லாமலேயே முடித்துவிடுகிறார். 'எனக்கு எழுது' என்பதற்கு இங்கிலாந்தில் 'டு' போடுவார்கள், அமெரிக்காவில் விட்டுவிடுவதுண்டு. தேவையற்றது எது என்பதை அவ்வந்நாட்டு வழக்கே முடிவுசெய்கிறது. நம் தொல்காப்பியரும் வேற்றுமைகளை வகுத்துச் சொன்ன கையோடு, ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து மயங்குவதற்கென்றே சொல்லதிகாரத்தில் ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார். உருபுகள் மயங்கும் என்பது இலக்கணிகளுக்குத் தெரிந்த செய்திதான்.

ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் தொல்காப்பியம் படித்திருப்பார் என்று நம்பி ஒரு பெண்ணின் எதிர்காலத்தை ஒப்படைக்க முடியாது. 'அபவுட்' என்ற ஒரு சொல்லை வைத்து, இவளுக்கு ஆங்கிலம் வராது என்று ஒதுக்கிவைக்கும் மேசைகள் இருக்கின்றன. எங்களில் இருவர் அத்தகைய மேசைகளுக்கு எதிரே உட்கார்ந்து தலைகுனிந்தவர்கள். ஆகவே சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். எப்போது, எந்தக் குரலில் என்பதுதான் கேள்வி.

இப்போது நாங்கள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். முதல் தாளில் பிள்ளைகள் நினைத்ததை எல்லாம் எழுதலாம். 'அபவுட்', 'டு', 'வித்' எதுவும் எத்தனை முறையும் வரலாம். அந்தத் தாளில் நாங்கள் பேனா வைப்பதில்லை. படித்துவிட்டு அதன் கீழே நாங்களும் இரண்டு வரி பதில் எழுதுகிறோம், அந்த நாவலாசிரியர் எங்களுக்கு எழுதியதைப்போல. 'பெரியவர்கள் உன் படிப்பை டிஸ்கஸ் செய்தபோது நீ எங்கே இருந்தாய்?' 'டோலி சாலையை ரீச் ஆனபோது மணி என்ன?' பிறகு அவர்களே தங்கள் வரியையும் எங்கள் வரியையும் ஒப்பிட்டுப் பார்த்து இரண்டாம் தாளை எழுதுகிறார்கள். சிலர் கண்டுபிடிக்கிறார்கள். சிலர் எங்களைப்போல ஆண்டுக்கணக்கில் கவனிக்காமலும் இருக்கக்கூடும். இருக்கட்டும்.

அந்தப் பெண் தன் கடிதத்தை மூன்றாம் முறை எழுதினாள். டோலி திரும்பி வந்தது. விளக்கும் தேநீரும் வந்தன. பாட்டி எழுந்து நின்றாள். முதல் தாளில் இல்லாத ஒன்றும் சேர்ந்திருந்தது: பெரியவர்கள் கேட்ட கேள்விக்குப் பாட்டி சொன்ன பதில். 'ஆன்சர்ட்' என்று எழுதி, அதன்பின் 'டு' போட்டு, அதைத் தானே அடித்திருந்தாள். படியெடுத்துத் தரட்டுமா என்று கேட்டோம். வேண்டாம், அடித்தது அடித்தபடியே இருக்கட்டும் என்றாள். அப்படியே அனுப்பினோம்.

இன்று அவள் கீழே ஒரு நகரத்தில் செவிலியர் படிப்பில் இருக்கிறாள். விடுமுறைக்கு மலைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் எங்களுக்குக் கைபேசியில் ஒரு செய்தி வரும். சென்ற முறை வந்தது இரண்டே சொற்கள்: 'ரீச்ட் ஹாஸ்டல்.' நடுவில் 'டு' இல்லை. அங்கே இருந்திருக்க வேண்டிய 'தி'யும் இல்லை.

நாங்கள் அதைத் திருத்தவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததில் மகிழ்ச்சி என்று தமிழில் பதில் எழுதினோம்.